வீட்டின் வயதும் வீட்டுக்காரரின் வயதும்

டில்லித் தமிழர் இல்லங்களில் வீட்டு வரி என்று யாரும் சொல்வதில்லை. 'ஹவுஸ் டாக்ஸ்' என்றே சொல்வார்கள். அந்த ஹவுஸ் டாக்ஸ்தான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எனக்கு ஜீவனோபாயமாக இருந்துவருகிறது. 1972ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஒரு பட்டமும் டைப்ரைட்டிங் ஹையர் தேர்ச்சியும் தவிர வேறு மூலதனம் ஏதுமின்றி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய என்னை, வீட்டு வரி வழக்குகளையே பிரதானமாக நடத்திவந்த ஒரு வக்கீல் தம்மிடம் தட்டெழுத்தராகச் சேர்த்துக்கொண்டார். பிரிவினையின்போது லாகூரில் சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். அந்தச் சாவி கடைசிவரை அவர் மேஜையின் இழுப்பறையில் இருந்தது. வீடு என்பது ஒரு மனிதனுக்கு என்ன என்பதை அவர் எனக்கு உபதேசமாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் காலையில் கட்சிக்காரர்களின் கோப்புகளை அடுக்கும்போது வயதானவர்களின் கோப்புகளை எடுத்து மேலே வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய அலுவலகத்தில் மாற்றமில்லாத நியமமாக இருந்தது.

அந்தக் காலத்து முறை வேறு. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு நியாயமாக என்ன கிடைக்குமோ அதை உத்தேசித்து, அதன்மேல் வரி விதிப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்; மதிப்பை உயர்த்த உத்தேசித்திருப்பதாக டில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அறிவிப்பு வரும்; ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு ஒரு தேதி குறிப்பார்கள். அந்த விசாரணைத் தாழ்வாரங்களில் நான் கழித்த நாட்களுக்குக் கணக்கில்லை. மரப் பெஞ்சில், கம்பளிக் கழுத்துத் துணியும் குரங்குக் குல்லாவுமாக, மடியில் காகிதக் கட்டை அணைத்தபடி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களாகவே இருப்பார்கள். வருமானம் நின்றுபோன பிறகு வீட்டின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டிருப்பது அவர்களுக்கு விளங்காத அநியாயமாகத் தோன்றும். 'வீடு எனக்கு ஒரு பைசா தரவில்லை. நான் அதில் படுத்துத் தூங்குகிறேன், அவ்வளவுதான். இதற்கு வாடகை மதிப்பு எங்கிருந்து வந்தது?' என்று அதிகாரியிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி சரியானதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவர்களுக்கு முதல் ஆறுதல் கிடைத்தது யாரும் எதிர்பாராத திசையிலிருந்து. 1979 டிசம்பரில், திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஒரு வீட்டுக்கு ஏற்படக்கூடிய நியாய வாடகைக்கு மேல் அதன் வரி மதிப்பு போகக் கூடாது என்றது. சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கும் அந்த வரம்பு உண்டு என்றது. 1958ஆம் ஆண்டின் அந்தச் சட்டமோ, வீடு கட்டத் தொடங்கிய காலத்து நிலத்தின் விலையையும் கட்டுமானச் செலவையும் அடிப்படையாக வைத்தே நியாய வாடகையைக் கணக்கிட்டது. ஆகவே ஐம்பதுகளில் கஜம் சொற்ப விலைக்கு மனை வாங்கி, பிராவிடண்ட் பணத்தைப் போட்டு இரண்டு அறை கட்டிக்கொண்ட மனிதர், சுற்றிலும் நிலம் பொன் விலை விற்ற காலத்திலும் பழைய மதிப்பின் நிழலில் நிம்மதியாக இருக்க முடிந்தது. தீர்ப்பில் வயோதிகர் என்ற சொல் எங்கும் முக்கியமாக வரவில்லை. ஆனால் நீண்ட காலம் ஒரே வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயோதிகர்களே ஆதலால், பலன் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. என் வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலை எத்தனை ஆட்சேபணை மனுக்களுடன் இணைக்கச் சொன்னார் என்பதை என் விரல்களே அறியும். கார்பன் தாளின் நீலம் நகத்திலிருந்து போக நாளாயிற்று.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் எல்லாம் மாறிற்று. பாட்னா நகரம் 1993லேயே கைக்கொண்ட பரப்பளவு முறை டில்லிக்கு வந்தது. வாடகை என்ற கற்பனை போய், சதுர மீட்டர் என்ற அளவு வந்தது. நகரத்துப் பேட்டைகள் எல்லாம் A முதல் H வரை எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. A வகையில் சதுர மீட்டருக்கு 630 ரூபாய், D வகையில் 320, H வகையில் 100 என்று அடிப்படை மதிப்பு குறிக்கப்பட்டது. அதைக் கட்டடத்தின் பரப்பினால் பெருக்கி, பிறகு கட்டடத்தின் வயது, அமைப்பு, உபயோகம், குடியிருப்பவர் சொந்தக்காரரா வாடகைக்காரரா என்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணாலும் பெருக்கினால் வருஷ மதிப்பு கிடைக்கும். அதில் இத்தனை சதவீதம் வரி. இந்தக் கணக்கை அதிகாரி போடுவதில்லை. வீட்டுக்காரரே போட்டு, தாமே கையெழுத்திட்டு, தாமே கட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவது நின்றது என்பது பெரிய நன்மைதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்த பெருக்கல் வாய்பாடு எண்பது வயதுக்காரரின் நடுங்கும் கைக்கு மாறியது என்பதை அந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டாடியவர்கள் போதிய அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 30க்குள் மொத்தமாகக் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று பல ஆண்டுகள் இருந்தது. டில்லியில் ஜூன் மாதம் என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்: 'லூ' என்னும் அனல் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், பகல் பதினொரு மணிக்கு மேல் காக்கை பறக்காது. அந்த வெயிலில், பேட்டைகளில் நடந்த வரி முகாம்களின் ஷாமியானாவுக்கு வெளியே வரை நீண்ட வரிசைகளில், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வயோதிகர்கள் நின்றார்கள். நான் ஒரு மடக்கு மேஜையை வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். தொழிலாகத்தான் செய்தேன், வயதானவர்களிடம் மட்டும் கூலி வாங்கவில்லை. அது என் வக்கீலுக்கு நான் பட்டிருந்த கடன்.

படிவத்தை நூற்றுக்கணக்கில் நிரப்பியபோதுதான் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. புதிய முறையில் இரண்டு வயதுகளுக்குச் சலுகை உண்டு. ஒன்று வீட்டின் வயது. மற்றொன்று வீட்டுக்காரரின் வயது. 1960க்கு முன் கட்டிய வீடு என்றால் மதிப்பில் பாதிதான் கணக்கு. அறுபதுகளில் கட்டியது என்றால் 0.6, எழுபதுகளில் என்றால் 0.7, இப்படிப் படிப்படியாக ஏறி 2000க்குப் பிறகு கட்டியதற்கு முழு மதிப்பு. இந்தச் சலுகை கணக்குச் சூத்திரத்தின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. செங்கல்லுக்கு வயதாகிவிட்டது என்று யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மனிதனின் வயதுக்கு உரிய சலுகையோ சூத்திரத்துக்கு வெளியே, ஒரு தனிக் கட்டத்தில், கேட்டால் மட்டும் கிடைப்பதாக வைக்கப்பட்டிருக்கிறது. மூத்த குடிமக்கள், பெண்கள், உடல் ஊனமுற்றோர், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருக்கு வரியில் 30 சதவீதம் கழிவு. ஆனால் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும். அதில் அவர்களே குடியிருக்க வேண்டும். 200 சதுர மீட்டர் பரப்பு வரைதான். கூட்டுச் சொத்தானால் அவரவர் பங்கின் அளவுக்குத்தான். மூத்த குடிமகளாகவும் பெண்ணாகவும் இருப்பவருக்கு இரண்டு கழிவு கிடைக்குமா என்று ஆவலுடன் கேட்டவர்கள் அநேகர். ஒன்றுதான் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. மொட்டை மாடியில் அவர் வீட்டுக்கு ஒரு 'பர்ஸாத்தி' உண்டு. ஓர் அறையும் குளியலறையும் திறந்த வெளியுமாக, டில்லியில் மாடிக்கு மாடி இருப்பது அது. மனைவிக்கு இருதய நோய். இரவில் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று, திருச்சியிலிருந்து படிக்க வந்த ஒரு பையனுக்கு அந்த அறையைச் சொற்ப வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு விட்ட பகுதிக்கு மதிப்பு இரண்டு மடங்கு. மூத்தோர் கழிவும் அந்தப் பகுதிக்குக் கிடையாது. அக்கம்பக்கத்தில் பர்ஸாத்தியை யாரும் படிவத்தில் காட்டுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். அவர் என் எதிரே உட்கார்ந்து, 20 சதுர மீட்டர் என்று தாமே சொல்லி, குடியிருப்பு என்ற கட்டத்தில் 'வாடகை' என்று எழுதும்படி விரலால் சுட்டிக் காட்டினார். நான் பேனாவை நிறுத்தினேன்.

"முப்பத்தைந்து வருஷம் பிறத்தியார் கணக்கில் பிழை தேடினவன், தம்பி. என் கணக்கில் நானே ஒண்ணைப் பதுக்கி வைக்க மனசு வரலை. எழுதுங்க" என்றார்.

எழுதினேன். அவர் செய்தது நியாயம். ஆனால் சட்டம் அவருக்குச் செய்தது நியாயமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னுடன் இருக்கிறது. முதியவர் ஒருவர் தம் வீட்டில் ஓர் அறையைத் துணைக்காகப் பிறருக்குக் கொடுப்பதையும், லாபத்துக்காக மாடி முழுவதையும் வாடகைக்கு விடுவதையும் ஒரே எண்ணால் பெருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தகைய ஒற்றை அறைக்கு ஒரு விலக்குக் கொடுத்தால் அரசாங்கத்தின் கஜானா குறைந்துபோகாது. எத்தனையோ கிழவர்களின் இரவுகளுக்குக் காவல் கிடைக்கும்.

இனி நான் சொல்லப்போவது என் பிழையைப் பற்றியது. மேற்கு டில்லியின் பழைய பேட்டை ஒன்றில், 1958இல் கட்டிய வீட்டில், தனியாக ஒரு மாமி இருந்தார். கணவர் 1998லேயே காலமாகிவிட்டார். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். 2011ஆம் வருஷ முகாமில் அவர் என் மேஜைக்கு வந்தபோது, நரைத்த தலையையும் ஊன்றுகோலையும் பார்த்த மாத்திரத்தில் மூத்தோர் கழிவுக் கட்டத்தில் குறியிட்டுவிட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே செய்தேன். வரிப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி; அதை இரண்டு முறையும் கேட்கவில்லை. வீடு பதினான்கு வருஷமாக இறந்துபோன கணவரின் பெயரிலேயே இருந்தது. இறந்தவருக்கு மூத்தோர் கழிவு கிடையாது. கழித்த தொகையையும் வட்டியையும் கேட்டு அறிவிப்பு வந்தது.

தொகை என்ன என்று சொல்கிறேன். 100 சதுர மீட்டர், D வகை, 320ஆல் பெருக்கினால் 32,000, 1960க்கு முந்தைய வீடு ஆதலால் பாதி, 16,000, அப்போது அந்த வகைக்கு இருந்த 11 சதவீதப்படி வரி 1,760 ரூபாய். கழிவு 528. அந்த 528 ரூபாய் என்பது அன்றைய விலையில் தினம் அரை லிட்டர் பால் வாங்கினால் ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கு. இதற்காகவா இத்தனை பிரயாசை என்று என் பிள்ளைகள் கேட்டதுண்டு. குடும்பப் பென்ஷனில் ஜீவிப்பவரின் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் பால் கணக்கு அட்டையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதைவிட, அறிவிப்பில் இருந்த 'நிலுவைதாரர்' என்ற பொருள்படும் சொல்தான் அவரை உடைத்துவிட்டது. "கல்யாணமாகி வந்த நாளிலேர்ந்து இந்த வீட்டுக்கு ஒரு பாக்கி வெச்சதில்லை" என்று மட்டும் சொன்னார். நான் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன், அவர் அதைத் தொடவேயில்லை. மறுநாள் தாமே கட்டிவிட்டார்.

பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாயிற்று. அவரிடம் வயதுக்குச் சான்று இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர் ஆதலால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடையாது, இருந்ததெல்லாம், பிறந்த வருஷத்தையும் நட்சத்திரத்தையும் சொல்லும் ஓர் ஓலை ஜாதகம். சில வாரங்கள் அந்தச் சான்றைத் தேடி அவரும் அலைந்தார், நானும் அலைந்தேன். ஒரு நாள் இரவு படுக்கையில் திடீரென்று உறைத்தது, பெண் என்ற வகையிலேயே அதே 30 சதவீதம் உண்டு, வயதை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று. வேண்டியது பெயர் மாற்றம் ஒன்றுதான்; டில்லியில் அதை 'மியூட்டேஷன்' என்பார்கள். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. வாரிசுகள் மூவர். மூவர் பெயரிலும் மாற்றினால், மாமியின் பங்கு மூன்றில் ஒன்று. கழிவும் அந்தப் பங்குக்கே. 528 ரூபாய் 176 ஆகிவிடும். பிள்ளையும் பெண்ணும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்தால் முழுவதும் அவருக்கு ஆகும். பிள்ளை அதற்காக அங்குள்ள இந்தியத் தூதரகக் கிளையில் முக்தியார் பத்திரம் அத்தாட்சி செய்து அனுப்ப வேண்டும்.

பெண் உடனே சம்மதித்தாள். பிள்ளை பதில் எழுத மூன்று மாதமாயிற்று. சில நூறு ரூபாய்க்காக வீட்டின் பாத்தியதையை விடுவதா என்று அவன் தயங்கினான். அதில் தவறு காணவும் என்னால் முடியவில்லை. சலுகை சிறியது, அதை அடைய விட வேண்டியது பெரியது என்று ஏற்படுத்தி வைத்திருக்கும் விதியைத்தான் குறை சொல்ல வேண்டும். வீட்டிலேயே குடியிருக்கும் விதவைக்குப் பங்கைக் கணக்கிடாமல் முழுக் கழிவையும் தருவதில் என்ன தடை இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அவனும் பத்திரத்தை அனுப்பினான்.

எல்லாம் கூடிவந்தபோது மாமி மறுத்துவிட்டார்.

தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். 1959லிருந்து கட்டிய வரி ரசீதுகள் எல்லாம் அதில் வருஷ வரிசையில், பத்துப் பத்தாக நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பழைய ரசீதுகளில் மை பழுப்பேறி, மடிப்பில் காகிதம் விட்டுப்போயிருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் கணவரின் பெயர் படிக்கும்படியாகவே இருந்தது. அவர் ஒவ்வொரு கட்டாகத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்துலேயும் அவர் பேர்தான் இருக்கு, பாருங்கோ. அதை அடிச்சுட்டு என் பேரைப் போட்டா, அவர் இந்த வீட்டுல இல்லேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரின்னா ஆயிடும்? பணம் போனாப் போறது."

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் என் தொழிலில் இருந்தது. பதிவேட்டில் பெண்ணின் பெயரை எழுதும்போது, அதை அடுத்து, இன்னாரின் மனைவி என்று கணவரின் பெயரையும் எழுதுவது வழக்கம். ரசீதிலும் அப்படியே அச்சாகி வரும். வேறொரு கட்சிக்காரரின் ரசீது என் பையில் இருந்தது. அதை எடுத்து, பெயர்கள் இருந்த வரியை மட்டும் காட்டினேன். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

2014ஆம் வருஷ ரசீதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கழிவு என்ற இடத்தில் 528 என்று இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பெயர் வரியைப் படித்துவிட்டு, நூலை அவிழ்த்து, கடைசிக் கட்டின் மேல் அதை வைத்து மறுபடியும் கட்டினார்.